சிவப்புக்கு இரண்டு சுற்று

சேக்காடு, ஆவடி
10 அக்டோபர் 2025, வெள்ளி

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பதற்கு முன்னால், இன்று நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல அதைத் தாண்டிப் போய்விடுவேன். மாலை மூன்றரை மணிக்கு ஆபீஸ் மீட்டிங்கில், "சார், சிவப்பும் பச்சையும் வேண்டாம், வேறு நிறம் வைப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்: ஃப்ரீசருக்குள் இருப்பது புது கேஸ் என்றால் சிவப்பு, பழைய கேஸ் என்றால் பச்சை.

இனி முறைப்படி. நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பூசைக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். ஏற்காட்டு மடத்தில் இப்போதே குளிராமே, கம்பளி போதுமா? இருமல் நின்றதா?

எங்கள் வேலையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். சூப்பர் மார்க்கெட், பால்கடை, கறிக்கடை ஃப்ரீசர்களெல்லாம் ரிப்பேருக்கு எங்கள் அம்பத்தூர் ஷெட்டுக்கு வரும். ஃபெலிக்ஸ் அண்ணன் அவற்றைத் திறந்து மூடுகிறவன். நான் மேலே உட்கார்ந்து, எந்த மிஷினில் எவ்வளவு கேஸ் போனது, எவ்வளவு கசிந்தது என்று பதிவேடு எழுதுகிறவள். பழைய கேஸ் தீப்பிடிக்காது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் கிட்டத்தட்ட நாலு டன் கரியமில வாயுவை வானத்தில் விட்டதற்குச் சமம். 2028இலிருந்து அதற்குக் கட்டுப்பாடு இறுகப் போகிறது. அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று பெரிய கடைக்காரர்கள் இப்போதே புது ஃப்ரீசர் வாங்குகிறார்கள். அதில் இருப்பது புரொப்பேன், கிட்டத்தட்ட நம் அடுப்பு கேஸ்தான். வானத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தீப்பிடிக்கும். வாடையும் கிடையாது.

இரண்டு வகையும் ஒரே ஷெட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றன. பெயர்த்தகடு பின்னால், துருவிலும் அழுக்கிலும் கிடக்கும். அதனால் நாகப்பன் சார் ஒரு ஏற்பாடு சொன்னார். மிஷின் உள்ளே வந்ததும் குழாயில் டேப் சுற்ற வேண்டும். பச்சை என்றால் கேஸை எடுத்துவிட்டு, குழாயைப் பிரிக்க அங்கேயே வெல்டிங் டார்ச் கொளுத்தலாம். சிவப்பு என்றால் நெருப்பே கூடாது. வெளியே தள்ளிப் போய், நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்து, குழாயை வெட்டித்தான் வேலை.

"கொழந்தைக்குக்கூடப் புரியும்," என்றார்.

அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

அவன் ரயில்வே மெடிக்கலில் தோற்ற அன்று மாடிப்படியில் நாம் மூன்று பேரும் சத்தியம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சேற்று நிறம்தான் என்பதை யாருக்கும் சொல்லக் கூடாது, அப்பாவுக்குக்கூட. அப்பா அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். மதிப்பெண் போதவில்லை என்றுதான் அம்மா இன்னும் நினைக்கிறாள்.

சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று எழுதக் கை வரவில்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

உன் தங்கை,
ரெனிதா


ஏற்காடு
2 நவம்பர் 2025

இயேசு மரி சூசை

பிரியமுள்ள ரெனிதாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. கம்பளி போதும், ஆனால் காலையில் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துவிடுகிறது. போன வாரம் சமையல் முறை எனக்கு. ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். முப்பத்திரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்கள், மௌனம் காக்கிற நேரம் அது. மதர் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். தவமா ருசியா என்று தெரியவில்லை.

இன்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தீர்களா? அம்மாவை நெடுநேரம் நிற்க விடாதே.

இங்கே கடிதம் எழுத மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான், அதனால்தான் தாமதம். வருகிற கடிதங்களை மதர் பிரித்துத் தருவார், படிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் எழுதவோ வாங்கவோ கூடாது.

ஃபெலிக்ஸுக்காகத் தினமும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்கிறேன். அவன் எப்போதும் ஜாக்கிரதையானவன். சின்ன வயதில் பட்டாசுக்குக்கூடத் தள்ளி நிற்பானே.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ஹெலினா


சேக்காடு
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் சுகம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உன் ரசத்தைக் கேட்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு வெறும் கண்ணீர் மட்டும் வந்தது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஜெபமாலையைப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

நானாக இரண்டு வழி பார்த்தேன். முதலில், தீச்சுவாலைப் படம் போட்ட ஸ்டிக்கர் அச்சடித்து டேப் பக்கத்தில் ஒட்டினேன். ஃப்ரீசர் ஓடினால் குழாய் வியர்க்கும் என்று எனக்குத் தெரியும், பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். இருந்தும் காகிதத்தை ஒட்டினேன். மூன்றாம் நாள் தரையெல்லாம் ஸ்டிக்கர். கூட்டுகிற அம்மா, "இன்னாம்மா, மிஷினுக்கு மொட்டை அடிக்கிறியா?" என்று கேட்டார்.

இரண்டாவது வழி நிலைத்திருக்கிறது. டேப் சுற்றும் விதியை எழுதித் தரும் வேலை எனக்குத்தானே வந்தது. அதில் ஒரு வரி சேர்த்தேன்: சிவப்புக்கு இரண்டு சுற்று, நடுவே இரண்டு விரல் இடைவெளி. பச்சைக்கு ஒரு சுற்று.

நாகப்பன் சார் படித்துவிட்டு, "எதுக்கும்மா ரெண்டு சுத்து? நிறமே தெரியுதே," என்றார்.

"தூரத்திலிருந்து தெரியட்டும் சார்."

"சரி, டேப்தானே," என்று கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர். கேட்டது கிடைத்துவிட்டது. காரணத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை.

அன்று ரயிலில் திரும்பும்போது, திருமுல்லைவாயலில் கூட்டம் இறங்கிய பிறகு, அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு சுத்து யார் ஐடியா?"

"கம்பெனி ஐடியா."

"கம்பெனிக்கு எப்போ இவ்ளோ அறிவு வந்துச்சு?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "ரெனி, நான் ஒண்ணும் குருடன் இல்ல. பன்னெண்டு வருஷமா கேஸ் பாட்டில்ல பேரைப் படிச்சித்தான் வேலை பாத்துக்கினு கீறேன். தக்காளி வாங்கத்தான் ஆள் வேணும்."

அவனோடு வேலை பார்க்கும் பூந்தமல்லி முஸ்தகீம் அண்ணனை உனக்குத் தெரியும், இரண்டு வருடம் முன்பு ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொண்டு வந்தாரே. அவர் இவனைக் கேலி செய்கிறாராம்: "இன்னா மாமே, டேப்பை எண்ணிக்கினே கீற? ஜோசியமா?" இவனும் சிரித்துக்கொண்டு, "ஆமா மச்சான், ஒண்ணுன்னா கல்யாணம், ரெண்டுன்னா கண்டம்" என்பானாம். எல்லாரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம். கல்யாண மிஷின், கண்ட மிஷின்.

அவரிடமாவது சொல் என்றேன். அவன் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டான்.

இப்படியே ஓடிவிடும் அல்லவா?

ரெனிதா


ஏற்காடு
25 டிசம்பர் 2025

இயேசு மரி சூசை

என் ரெனிக்கு, அம்மாவுக்கு, ஃபெலிக்ஸுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

சுகம். குடிலுக்குப் பாசி பொறுக்க மலை ஏறினோம், அட்டை கடித்தது. கார்டில் இடம் குறைவு. உன் இரண்டு சுற்று யோசனை மிக நல்லது. அதுவே போதும் என்று நினைக்கிறேன். வேறு எதுவும் வேண்டாம்.

ஹெலினா


சேக்காடு
11 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

உன் கார்டு அலமாரிக் கண்ணாடியில் செருகி இருக்கிறது. அட்டை கடித்த இடம் ஆறியதா? அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறோம். எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு, அதற்கு அம்மா என் புத்தகங்களைக் குறை சொல்கிறாள்.

"அதுவே போதும்" என்று நீ எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். உண்மையில் எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. சிவப்பு மிஷின்கள் வாரத்துக்கு ஏழெட்டு வருகின்றன. எல்லாவற்றிலும் இரண்டு சுற்று.

ஒரு நல்ல செய்தி. தீப்பிடிக்கும் கேஸில் வேலை செய்ய இனிமேல் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று பெரிய கடைகள் கேட்கின்றன. எங்களிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள், அண்ணனும் முஸ்தகீம் அண்ணனும். மூன்று நாள். அண்ணன் பரீட்சையில் முதலாவதாக வந்தான் அக்கா. ஸ்கூலில்கூட வந்ததில்லை. சான்றிதழை அப்பா படத்துக்குக் கீழே அம்மா மாட்டிவிட்டாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. "ரயில்வேகாரன் வாணான்னான், இப்போ பாரு" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் சட்டென்று கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

பயிற்சிக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பியது நான்தான். அதில் ஒரு கட்டம்: கண் பார்வை, நிறம் பிரித்தறிதல் உட்பட, சரியாக உள்ளது. ஆம், இல்லை. என் பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. அவன் பழைய மெடிக்கல் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 2021இல் எங்கள் கம்பெனியில் சேர்ந்தபோது நடந்த சோதனையில் "நிறப் பார்வை இயல்பு" என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு "ஆம்" என்று டிக் போட்டேன்.

ரயில்வேயில் தோற்றவன் இங்கே எப்படித் தேறினான்? அவனிடம் கேட்டேன். "லக்கு" என்றான். உனக்கு ஏதாவது தெரியுமா? நீ அப்போது ஆவடிக் கண் ஆஸ்பத்திரியில்தானே வேலை செய்தாய். அப்படி ஒரு சோதனையில் அதிர்ஷ்டத்தில் தேற முடியுமா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ரெனிதா


ஏற்காடு
1 பிப்ரவரி 2026

இயேசு மரி சூசை

பிரியமுள்ள ரெனிதாவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். சுகமாக இருக்கிறேன், நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஃபெலிக்ஸ் முதலாவதாக வந்ததைப் படித்துத் தோட்டத்தில் இரண்டு முறை ஓடினேன். மிளகுக்கொடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கு.

மே 31 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக வாக்குக் கொடுக்கும் நாள். அம்மாவை எப்படியாவது அழைத்து வா. மலைப் பாதையில் அவளுக்குத் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். வார்த்தைப்பாட்டுக்கு முன் மனதில் எதையும் ஒளித்து வைக்காமல் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று மதர் தினமும் சொல்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது.

இங்கே ஐந்து வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே, நன்றாகவே அடித்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. நீ எழுதினாலும் மதர் பெட்டியில் வைத்து, ஈஸ்டர் அன்று மொத்தமாகத் தருவார். உன்னிடம் பேச நிறைய இருக்கிறது. ஈஸ்டருக்குப் பேசுவோம்.

ஹெலினா


சேக்காடு
15 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

இது புதனுக்குள் உன் கைக்கு வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். எல்லாரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய். அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

விஜய் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். மிஷின் உள்ளே வந்ததும் டேப் சுற்றுவது இப்போது அவர் வேலை. வியாழன் அன்று கீழே இறங்கிப் போனபோது நாலு சிவப்பு மிஷின்களில் ஒரே சுற்று.

"விஜய், சிவப்புக்கு ரெண்டு."

"ரோல் முடியப் போவுதுக்கா. சிவப்புதான் நெறைய வருது, பச்சை அப்டியே கீது. அதான் சிக்கனமா."

"விதி ரெண்டு சுத்து."

"ஏங்க்கா? சிவப்பு ஒரு சுத்துனாலும் சிவப்புதானே?"

என்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது, அது என்னுடையது அல்ல. "விதின்னா விதி," என்றேன். ஆபீஸ்காரி திமிர் என்று நினைத்திருப்பார். நாலையும் நானே மறுபடி சுற்றினேன்.

அக்கா, நான் எழுதிய விதி, அதை நம்புகிற ஒருவன், அதை ஏன் என்று தெரியாத பத்துப் பேர். இப்படி எத்தனை நாள்? நாளை நாகப்பன் சாரிடம் சொல்லப் போகிறேன். அண்ணனிடம் கேட்காமலே. அவனை ஆபீஸ் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சுவேன். அவன் என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை.

ரெனிதா


சேக்காடு
6 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை ஒரு மாதம் கழித்துத்தான் படிப்பாய். மடத்துக்குப் போன் செய்யலாம் என்றேன். "வேணாம், அவ தவக்காலத்துல இருக்கா, நடந்தது நடந்துபோச்சு" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

ஃபெலிக்ஸ் அண்ணன் உயிரோடு இருக்கிறான். முதலில் அதைப் படித்துக்கொள். இடது முன்கையில் தோல் உரிந்திருக்கிறது, புருவம் கருகியிருக்கிறது, அவ்வளவுதான். முஸ்தகீம் அண்ணனுக்குத்தான் அதிகம். வலது கை முழுக்க, கழுத்து, தாடையில் பாதி.

போன வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி, காலை பதினொன்றரை. சுவரை ஒட்டி நின்ற ஒரு ஃப்ரீசர். முஸ்தகீம் அண்ணன் பின்னால் நுழைந்து குழாயைப் பிடித்திருக்கிறார். அண்ணன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேஸை இறக்கி, டார்ச்சைக் கொளுத்தியிருக்கிறான். பழைய கேஸ் என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது புரொப்பேன். எண்ணெயில் கலந்து மிச்சம் இருந்தது, குழாய் பிரிந்ததும் பற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. நான் மேலே இருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரத்துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் கத்தினார்கள்.

குழாயில் சிவப்பு டேப் இருந்தது. ஒரு சுற்று.

விஜய் என்னிடம் வந்து நின்றார். "சிவப்புதானேக்கா சுத்துனேன்? கலரு மாத்தலையே நான்?" அவர் கலர் மாற்றவில்லை. சரியான கலரைத்தான் சுற்றியிருந்தார். நான் "இல்ல, நீங்க மாத்தல" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு முன்பே, பிப்ரவரி பதினாறாம் தேதி, நாகப்பன் சார் அறைக்குப் போனேன். எழுதியது போலவே போனேன். அவர் போனில் இருந்தார், கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததாம், பால்கோவா டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். போனை வைத்துவிட்டு, "உங்க அண்ணனைச் சூப்பர்வைசர் ஆக்கலாம்னு இருக்கேன்மா. ஏப்ரல்ல. அதுவரைக்கும் வீட்ல சொல்லாத," என்றார். நான் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் ஒன்றரை மாதம்தான், பிறகு அவன் டார்ச்சையே தொட வேண்டாம் என்று படியில் இறங்கும்போது கணக்குப் போட்டேன்.

பதினோரு நாள்.

அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். "கேட்டுத்தான் கொளுத்துனேன் ரெனி. நான் கேட்டுத்தான் கொளுத்துனேன்." என்ன கேட்டான், யாரிடம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

விசாரணை நடக்கிறது. மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். அதை டைப் செய்யப் போவது நான்தான்.

ரெனிதா


ஏற்காடு
5 ஏப்ரல் 2026, உயிர்ப்புப் பெருவிழா

இயேசு மரி சூசை

ரெனி,

உன் இரண்டு கடிதமும் இன்று காலைப் பூசைக்குப் பிறகு ஒன்றாகக் கிடைத்தன. சாப்பாட்டு அறையில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் உடல்நலத்தைப் பற்றி இன்று எதுவும் எழுத மாட்டேன்.

நீ ஜனவரியில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பிப்ரவரியில் அடித்த ஐந்து வரியும் இதுதான்.

அதிர்ஷ்டத்தில் தேற முடியாது. அந்தச் சோதனைக்கு ஒரு புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் நிறப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒரு எண். நிறம் தெரிந்தவனுக்குத்தான் எண் தெரியும். எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒன்று இருந்தது, எல்லா ஆஸ்பத்திரியிலும் பெரும்பாலும் அதே புத்தகம்தான், அதே வரிசை. நான் அதை ஒரு சனிக்கிழமை பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். பதினோரு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஃபெலிக்ஸுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். எண்ணை அவன் பார்க்கவே இல்லை. எத்தனையாவது பக்கம், மூலையில் எங்கே மடிப்பு, எங்கே கறை என்று பார்த்துச் சொல்லப் பழகினான். முதல் நாள் திணறினான், ஐந்தாம் நாள் வேகமாகச் சொன்னான். வேறு புத்தகத்தில் மடிப்பு இருக்காதே என்று பயந்து, பக்கத்தை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். மனதுக்குள் எண்ணு, உதடு அசையக் கூடாது என்றேன். நீ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருப்பாய். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது, அவ்வளவுதான். தேறியதும் மூவருக்கும் பிரியாணி வாங்கி வந்தானே, "சம்பளம் உறுதியாச்சு" என்று. அதுதான் அது.

நீ அக்டோபரில் என்ன செய்யட்டும் என்று கேட்டாய். சொல் என்று எழுதினால், அவன் எப்படித் தேறினான் என்று கேட்பார்கள். கேட்டால் என் பெயர் வரும். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் வரும். அதனால் ரசத்தைப் பற்றி எழுதினேன். "அதுவே போதும்" என்று எழுதினேன்.

இன்று மதியம் மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அந்தக் கை எரிந்தவர் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். எழுதி வைத்துக்கொண்டார்.

அறிக்கையில் உண்மையை எழுது ரெனி. என் பெயரையும் எழுது. விதியை எழுதியவள் மேல் மட்டும் பழி நிற்க வேண்டாம்.

ஹெலினா


சேக்காடு
17 மே 2026

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைத்திருப்பதாக மதர் அம்மாவுக்குப் போன் செய்தார். காரணம் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம்வரை வாங்கி வைத்திருந்த அம்மா, "குளிரு ஒத்துக்கலையோ" என்கிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

உன் கடிதம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்தது. அறிக்கையை மார்ச் முப்பதாம் தேதியே கொடுத்துவிட்டோம்.

ஆனாலும் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே நாகப்பன் சாரிடம் போனேன். இந்த முறை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மாடிப்படிச் சத்தியம், புத்தகம், நான் போட்ட டிக், இரண்டு சுற்று ஏன் என்பது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மஞ்சளும் நீலமும் வெச்சிருப்பேனேம்மா," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு சொன்னார்: "இப்ப வெளிய சொன்னா, தகுதியில்லாத ஆளைத் தெரிஞ்சே வேலைக்கு வெச்சோம்னு ஆவும். இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். முஸ்தகீமுக்கு வர வேண்டியது வராது. அவன் கைக்கு இன்னும் ரெண்டு ஆபரேஷன் கீதும்மா." அவருக்கும் பதற்றம் வந்தால் எங்கள் ஷெட் பேச்சுதான் வரும். அவர் சொன்னது சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம். விசாரித்து, சரி என்று தெரிந்தால் என்ன செய்வேன், தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லாததால் விசாரிக்கவில்லை.

போன ஞாயிறு பூந்தமல்லிக்குப் போனேன். அண்ணன் தெருமுனை வரை வந்துவிட்டு, "நீ போய்ட்டு வா" என்று பெட்டிக்கடையில் நின்றுகொண்டான். முஸ்தகீம் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சைனம்பு சேமியா பாயசம் கொண்டு வந்து அவருக்கு ஊட்டினார். "கை நல்லா கீற காலத்துலயே இவரு தானா துன்னதில்ல, இப்போ சாக்கு கெடச்சிடுச்சு," என்றார். அவரும் சிரித்தார். தாடையில் தோல் இழுப்பதால் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

சைனம்பு உள்ளே போனதும் கேட்டார்.

"ரெனிமா, ஒண்ணு கேக்கணும். படுத்துக்கினே அதத்தான் ரோசனை பண்றேன். நான் மிஷினுக்குப் பின்னாடி கீறேன், டேப்பு என் மூஞ்சிக்கு நேரா கீது. உங்கண்ணன் அந்தாண்டயிருந்து, 'மச்சான், எத்தினி சுத்து?'ங்கறான். ஒண்ணுன்னேன். ஒண்ணுதானே இருந்துச்சு. சிவப்புன்னு எனக்கு நல்லா தெரியுது. அவனுக்கும் தெரியும், வெளிய தள்ளப் போறான்னு நெனச்சிக்கினேன். அடுத்த நிமிசம் கொளுத்திட்டான். கலரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அவன் ஏம்மா சுத்தைக் கேட்டான்?"

என் கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து சைனம்பு திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. தெரியாது என்றேன்.

அறிக்கையின் ஒரு பிரதியை உனக்கு அனுப்ப அனுமதி இல்லை. அதில் காரணம் என்ற கட்டத்தில் "தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு" என்று இருக்கிறது. நான் டைப் செய்தேன். ஃபெலிக்ஸ் அண்ணன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஏப்ரல் முப்பதோடு அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் லோடு இறக்கப் போகிறான், காலை ஆறு மணி பஸ். முஸ்தகீம் அண்ணனுக்கு ஜூன் எட்டாம் தேதி அடுத்த ஆபரேஷன். வலது கையில் மூன்று விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரெனிதா